சின்ன டவுன் பில்டிங் பெர்மிட் ஆபீஸ் ரிவ்யூ: 5க்கு 4 ஸ்டார்

வீடு கட்ட பெர்மிட் வாங்கப் போறவங்களுக்கு முதல்லயே சொல்லிடுறேன், பிளானை முழுசா வரைஞ்சு முடிச்சுட்டு போகாதீங்க, அதுக்கு முன்னாடியே ஆபீஸுக்கு ஒரு எட்டு போயிட்டு வாங்க. சின்ன ஊர்ல இருக்கிற பெரிய வசதியே இதுதான், அப்ளிகேஷன் வாங்குறவர், பிளானைப் பாக்குறவர், அப்புறம் சைட்டுக்கு வந்து செக் பண்ணப் போறவர் எல்லாம் பெரும்பாலும் ஒரே ஆள்தான். நாங்க நிலத்தோட சர்வே ஸ்கெட்ச் மட்டும் கொண்டு போனோம், அவர் ஸ்கேல் வெச்சு நாலு பக்கமும் செட்பேக், அதாவது எல்லைக்கும் வீட்டுக்கும் நடுவுல காலி இடம், எவ்வளவு விடணும்னு பென்சில்ல கோடு போட்டு, செப்டிக் டேங்க் கிணத்துலேர்ந்து தள்ளி எங்க வரலாம்னும் மார்க் பண்ணிக் கொடுத்துட்டார். அதை வெச்சே இன்ஜினியர் வரைஞ்சதால பிளான் திருத்தம்னு திரும்பி வரவே இல்ல. ஃபார்ம் கொஞ்சம் குழப்பம்தான், ஆனா கேட்டா பொறுமையா சொல்றாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்ஸ்பெக்‌ஷன். நிறைய பேர் இதைத் தொல்லைன்னு நெனைக்கிறாங்க, எனக்கு அப்படித் தோணல. அஸ்திவாரக் குழியில ஃபுட்டிங் காங்கிரீட் போடுறதுக்கு முன்னாடி, சுவத்துக்குள்ள போற ஒயரிங் பைப்பெல்லாம் மூடுறதுக்கு முன்னாடி, கடைசியா குடி போறதுக்கு முன்னாடி வர்றாங்க, மூடிட்டா அப்புறம் யாராலயும் பாக்க முடியாதுல்ல. எங்க சைட்ல அவரே குழிக்குள்ள இறங்கி டேப் வெச்சு கம்பிக்கு அடியில இடைவெளியை அளந்தார், ஒரு மூலையில கவர் பிளாக் (கம்பி மண்ணைத் தொடாம இருக்க அடியில வெக்கிற சின்னக் கட்டை) நழுவி கம்பி மண்ணைத் தொட்டுட்டு இருந்துச்சு. அப்படியே ஊத்தியிருந்தா ஈரம் ஏறி கம்பி துரு பிடிக்கும், துரு உப்பி காங்கிரீட்டையே பிளக்கும், எல்லாம் மண்ணுக்குள்ள நடக்கும்ங்கறதால சுவத்துல வெடிப்பு வர்ற வரைக்கும் நமக்குத் தெரியவே தெரியாது. கம்பியைத் தூக்கி பிளாக் வெச்சதைப் பார்த்துட்டுத்தான் ஓகே சொன்னார். மாடிப்படியையும் ஒவ்வொரு படியா அளந்தார். சர்வதேச குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்புல ஒரே வரிசைப் படிகளோட உயரம் ஒண்ணுக்கொண்ணு 3/8 இன்ச்சுக்கு மேல வித்தியாசப்படக் கூடாதுன்னே இருக்கு, கால் ஒரு அளவுக்குப் பழகி இறங்கும்போது ஒரு படி மட்டும் மாறினா வயசானவங்க தடுக்கி விழுந்துடுவாங்க.

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, ஆள் ஒருத்தர்ங்கறதால அவர் லீவுன்னா மொத்தமும் நின்னுடுது. கம்பி கட்டி குழி தோண்டி எல்லாம் ரெடியா இருந்தும் காத்துக் கிடந்தோம், மழை வந்திருந்தா குழி சரிஞ்சிருக்கும். பக்கத்து ஊர் ஆபீஸ்லேர்ந்து மாத்து ஆளாவது ஏற்பாடு பண்ணணும், இது ரொம்ப அவசியம். நீங்க இன்ஸ்பெக்‌ஷன் தேதி கன்ஃபார்ம் ஆகாம காங்கிரீட்டுக்குச் சொல்லாதீங்க.

பெர்மிட்ல இருக்கிற காலாவதி தேதியையும் பாருங்க, மேல சொன்ன விதித்தொகுப்பைப் பின்பற்றுற பல ஊர்கள்ல 180 நாளுக்குள்ள வேலை ஆரம்பிக்கலைன்னா பெர்மிட் செல்லாது, நீட்டிப்பு வேணும்னா எழுதித்தான் கேக்கணும். அப்ரூவ் ஆன பிளான் காப்பி ஒண்ணு எப்பவும் சைட்லயே இருக்கணும், பிளாஸ்டிக் கவர்ல போட்டு மேஸ்திரிகிட்ட கொடுத்து வெச்சிடுங்க, செக் பண்ண வர்றவர் முதல்ல கேக்குறது அதைத்தான்.