தெரபிக்குப் போகும் முன் தெரிந்திருக்க வேண்டியவை: சில வருட அனுபவம்

திடீரென்று பயமும் நெஞ்சு படபடப்பும் உச்சத்துக்கு ஏறும் பேனிக் அட்டாக்குக்காகச் சென்னையில் சில வருடங்கள் தெரபி, அதாவது பேச்சுவழி சிகிச்சை எடுத்தவன் நான். முதலில் வாராவாரம், அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இப்போது தேவைப்பட்டால் மட்டும். புதிதாகப் போக நினைக்கும் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பலன் இருக்குமா?" எனக்கு இருந்தது. அதில் பாதிக்குக் காரணம், தெரபிஸ்டிடம் கேள்வி கேட்கலாம், "இது எனக்குச் சரிப்படவில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லலாம் என்று தெரிந்துகொண்டதுதான். டாக்டர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வெளியே வந்து புலம்பும் பழக்கம் நமக்கு ஊறிப்போயிருக்கிறது. அதே பழக்கத்தோடு தெரபிக்குப் போனால் காசும் நேரமும்தான் போகும்.

முதலில், யாரிடம் போகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். சைக்கியாட்ரிஸ்ட் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். பேச்சுவழி சிகிச்சை அவருடைய வேலை. அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்திருக்க வேண்டும், அதற்குப் பதிவு எண் உண்டு. "உங்கள் ஆர்.சி.ஐ. எண் என்ன?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்லவர்கள் கேட்காமலேயே சொல்கிறார்கள். கவுன்சிலர் என்ற பெயர்ப்பலகையை மட்டும் நம்ப முடியாது. முறையாக முதுநிலை படித்து, மூத்தவர்களின் மேற்பார்வையில் வேலை செய்யும் அருமையான கவுன்சிலர்களும் இருக்கிறார்கள். சில வாரச் சான்றிதழ் படிப்பை முடித்துவிட்டு அறை போட்டவர்களும் இருக்கிறார்கள். நான் முதலில் போன இடம் இரண்டாவது வகை. என் படபடப்பைப் பற்றிப் பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை, "ஒரு கல்யாணத்தைப் பண்ணுங்க தம்பி, எல்லாம் சரியாயிடும்" என்றார். அது அத்தை சொல்ல வேண்டிய வசனம். அதற்குக் கட்டணம் கொடுத்துவிட்டு வந்தபின், தெரபி என்றாலே இவ்வளவுதான் என்று நினைத்து ஒரு வருடத்துக்கு மேல் எங்கும் போகவில்லை. ஒருவர் சரியில்லை என்றால் அடுத்தவரைப் பாருங்கள், சிகிச்சையையே கைவிடாதீர்கள்.

இன்னொன்று, உடம்பைப் பார்த்துவிட்டுப் போங்கள். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், மூச்சு முட்டல் எல்லாம் தைராய்டு கோளாறிலும் வரும், இதயத் துடிப்பில் கோளாறு இருந்தாலும் வரும். எனக்கு ஈ.சி.ஜி., தைராய்டு பரிசோதனை இரண்டும் சரியாக இருந்தபிறகுதான் தெரபிஸ்ட் வேலையை ஆரம்பித்தார். அந்த ரிப்போர்ட்டுகள் கையில் இருந்ததால், பின்னால் பயிற்சி செய்யும்போதும் தைரியமாக இருந்தது.

முதல் செஷனில் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு செஷன் முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை போகும். முதல் ஒன்றிரண்டு செஷன்களில் பெரும்பாலும் அவர்தான் கேட்பார்: எப்போது ஆரம்பித்தது, தூக்கம், சாப்பாடு, குடிப்பழக்கம், வீட்டில் யாருக்காவது இருந்ததா, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததா. கடைசிக் கேள்வியைக் கேட்டுப் பதற வேண்டாம், எல்லோரிடமும் கேட்பதுதான். சிலர் கேள்வித்தாள் தருவார்கள். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவம், பதற்றத்தை அளக்கும் ஏழு கேள்விப் படிவம் இரண்டும் பரவலாகப் புழக்கத்தில் இருப்பவை. சில வாரம் கழித்து அதையே மறுபடி நிரப்பினால், நிலைமை மாறியிருக்கிறதா என்று எண்ணிலேயே தெரியும். அங்கே போய் அழுதே ஆக வேண்டும் என்று இல்லை; அழுகை வந்தால் அடக்கவும் வேண்டாம். மனம்விட்டுப் பேசிவிட்டு வந்த அன்று சோர்வாக இருக்கும், சில நாள் இன்னும் மோசமானது போலவும் தோன்றும். செஷன் முடிந்த கையோடு ஆபீஸ் மீட்டிங்கில் போய் உட்காராதபடி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆரம்ப செஷன்களிலேயே நீங்களும் கேட்க வேண்டும். எந்த முறையில் சிகிச்சை தரப் போகிறீர்கள்? ஏன் அது எனக்குப் பொருந்தும்? தோராயமாக எத்தனை மாதம்? முன்னேற்றத்தை எப்படித் தெரிந்துகொள்வது? இவற்றுக்கு நேரான பதில் வரவில்லை என்றால் எனக்குச் சந்தேகம் வரும். "மூன்றே செஷனில் குணம், கேரண்டி" என்று யாராவது சொன்னால் சந்தேகமே வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

ரகசியம் பற்றியும் முதல் நாளே பேசிவிடுங்கள். நான் கேட்டது இதைத்தான்: "அம்மா போன் பண்ணி, பையன் என்ன சொன்னான்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?" உங்கள் சம்மதம் இல்லாமல் எதுவும் சொல்ல மாட்டேன் என்றார். இது அவருடைய பெருந்தன்மை மட்டும் இல்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை நம் உரிமையாகவே வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து, அடுத்தவருக்குத் தீங்கு வரும் நிலை, நீதிமன்ற உத்தரவு போன்ற விதிவிலக்குகள் உண்டு. அவை எப்போது பொருந்தும் என்று அவரையே விளக்கச் சொல்லுங்கள். ஆன்லைன் செஷன் என்றால் நம் பக்கத்து ரகசியத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹாலில் டிவி ஓட, பக்கத்து அறையில் உட்கார்ந்து அப்பாவைப் பற்றிப் பேச முடியாது. நிறுத்தி வைத்த காருக்குள் உட்கார்ந்து செஷன் எடுப்பவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது சிகிச்சைக்கு வருகிறேன். எனக்குக் கொடுத்தது சி.பி.டி., அதாவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை: நம் எண்ணங்களையும் பழக்கங்களையும் கவனித்து மாற்றும் முறை. பேனிக் எப்படிச் சுழல்கிறது என்று முதலில் ஒரு தாளில் வரைந்து காட்டினார். நெஞ்சு லேசாகத் துடிக்கிறது, 'ஹார்ட் அட்டாக்' என்று மனம் சொல்கிறது, பயத்தில் துடிப்பு இன்னும் ஏறுகிறது, ஏறிய துடிப்பு பயத்தை உறுதிப்படுத்துகிறது. அதை வரைந்து முடித்ததும் ஸ்ட்ரா ஒன்றைக் கையில் கொடுத்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு அதன் வழியாக மட்டும் ஒரு நிமிடம் மூச்சுவிடச் சொன்னார். அதற்கு முன்னால் பயம் நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டார். முடிந்தபின் மறுபடி கேட்டார். இன்னொரு நாள் நின்ற இடத்திலேயே ஓட்டம், இன்னொரு நாள் சுழல் நாற்காலியில் சுற்று. பேனிக்கில் வரும் அதே தலைச்சுற்றலையும் மூச்சுமுட்டலையும் நாமே வரவைத்து, அதனால் ஒன்றும் ஆகாது என்று உடம்புக்கே காட்டுவதுதான் இதன் நோக்கம். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு உள்ளவர்களுக்கு இது பொருந்தாமல் போகலாம். அதனால் படித்துவிட்டு வீட்டில் தனியாக முயற்சி செய்ய வேண்டாம்.

அதைவிடக் கஷ்டமாக இருந்தது, பாதுகாப்புக்காக நான் வைத்திருந்த சின்னச் சின்ன ஏற்பாடுகளை விடுவது. பையில் எப்போதும் தண்ணீர் பாட்டில், சட்டைப் பையில் ஒரு மாத்திரை, பஸ்ஸில் ஏறினால் கதவுக்குப் பக்கத்து சீட். இவைதான் என்னைக் காப்பாற்றுகின்றன என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கைதான் பயத்துக்குத் தீனி போட்டது. மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டுத் தெருமுனை வரை, அப்புறம் இரண்டு ஸ்டாப் தூரம், அப்புறம் கூட்ட நேரத்து மெட்ரோ. வாரத்துக்கு ஒரு மணி நேரம் அறையில் பேசியதைவிட, மீதி நாட்களில் செய்த இந்த வீட்டுப்பாடம்தான் வேலை செய்தது.

ஒரு கட்டத்தில் வீட்டுப்பாடம் தாங்க முடியாமல் போனது. வேலைப் பளு வேறு. செஷனை ரத்து செய்துவிட்டு அப்படியே காணாமல் போகலாமா என்று தோன்றியது. அதற்குப் பதிலாக அதையே போய்ச் சொன்னேன்: "நீங்க வேகமா போறீங்க, எனக்கு இங்க வரவே பயமா இருக்கு." அவர் கோபப்படவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எந்தப் படி அதிகமாக இருந்தது என்று கேட்டார், அன்று முழுக்க அதைத்தான் பேசினோம். படிப்படியாகச் செய்ய வேண்டிய வீட்டுப்பாடப் பட்டியலையே மாற்றி எழுதினோம். அதற்கப்புறம் அப்பாவைப் பற்றிப் பேசவே எனக்குத் துணிவு வந்தது. அதையும் தமிழில்தான் பேச வந்தது. ஆபீஸ் விஷயத்தை ஆங்கிலத்தில் சொல்லிவிடலாம். சின்ன வயதில் வாங்கிய திட்டு எந்த மொழியில் காதில் விழுந்ததோ, அதே மொழியில் சொன்னால்தான் நெஞ்சிலிருந்து வெளியே வரும். தெரபிஸ்டைத் தேடும்போது இதையும் பாருங்கள்.

மருந்து பற்றி இரண்டு வார்த்தை. மருந்து எடுத்தால் தெரபி தோற்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை. எனக்குச் சில காலம் இரண்டும் சேர்ந்தே போயின. இந்த மாத்திரைகள் பல, வேலை செய்யவே சில வாரங்கள் எடுக்கும். சுகமாகிவிட்டது என்று நாமாக நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்தவர்தான் குறைக்க வேண்டும்.

செலவை மறைத்துப் பயனில்லை. சென்னையில் தனியாரிடம் ஒரு செஷனுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் சாதாரணமாக ஆகிறது. மனநலச் சிகிச்சைக்கும் மற்ற நோய்களைப் போலவே காப்பீடு தர வேண்டும் என்று அதே 2017 சட்டம் சொன்னாலும், பல பாலிசிகள் மருத்துவமனையில் படுத்தால் மட்டுமே பணம் தருகின்றன. வாராவாரச் செஷன் நம் பாக்கெட்டிலிருந்துதான். கட்டணக் குறைப்பு உண்டா, ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பீர்கள் என்று முன்பே கேட்டுவிடுங்கள். அரசு வழியும் இருக்கிறது: கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகள். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், ஆனாலும் போகலாம்.

தெரபிஸ்ட் நள்ளிரவில் போனை எடுப்பார் என்று எண்ண வேண்டாம், அது அவருடைய எல்லை. அந்த நேரத்துக்கு மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ், எண் 14416 இருக்கிறது. 2022-இல் தொடங்கியது, இலவசம், தமிழிலும் பேசலாம்.

முடிக்கும் காலமும் சிகிச்சையில் ஒரு பகுதிதான். எங்கள் கடைசிச் சில செஷன்களில், திரும்ப வந்தால் என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதினோம். என் ஆரம்ப அறிகுறிகள் மூன்று: தூக்கம் குறைவது, கூட்டமான இடத்துக்குப் போகாமலிருக்கச் சாக்கு தேடுவது, தண்ணீர் பாட்டில் மறுபடி பைக்குள் ஏறுவது. இவை தெரிந்தால் பழைய பயிற்சிகளை ஒரு வாரம் செய்வேன். அடங்கவில்லை என்றால் ஒரு செஷன் கேட்டுப் போன் செய்வேன். போன வருடம் அப்படி ஒருமுறை போனேன், ஒரு செஷனே போதுமானதாக இருந்தது.