ஆட்டோகேடில் வரைந்ததைத் தாளுக்குக் கொண்டுவருவது: பல வருடப் பிரிண்ட் அனுபவம்

2014ல் ஆட்டோகேட் என்ற கணினி வரைபட மென்பொருளில் நான் வரைந்த ஒரு படுக்கையறை ஆறு அங்குலம் சுருங்கிப்போனது. பிளானில் அது 12 அடி. கட்டு வேலை நடக்கும் இடத்தில் பதினொன்றரை அடிக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது.

ஐடிஐயில் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் முடித்துவிட்டு, கும்பகோணத்தில் ஒரு இன்ஜினியரிடம் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. டிராயிங் 1:50 அளவில், ஏ3 தாளில் இருந்தது. அந்த அறைக்கும் நடைக்கும் நடுவில் வரும் குறுக்குச் சுவருக்கு அளவு போட மறந்துவிட்டேன். மேஸ்திரி என்ன செய்வார்? ஸ்டீல் ஸ்கேலைத் தாளின் மேல் வைத்து அளந்திருக்கிறார். 73 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 70 இருந்தது. அதை 50ஆல் பெருக்கினால் மூன்றரை மீட்டர், அதாவது பதினொன்றரை அடி. அவர் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பிடிஎஃபைப் பிரிண்ட் எடுத்த கடையில் ‘ஃபிட்’ என்ற தேர்வு இருந்திருக்கிறது. பிரிண்டரின் ஓர இடைவெளிக்குள் அடங்குவதற்காக முழுப் பக்கமும் 96 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. இரண்டு வரி செங்கலைப் பிரித்துத் திரும்பக் கட்டினார்கள். அந்தக் கொத்தனார்களின் அரை நாள் கூலியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

திரையில் கோடு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் சைட்டுக்குப் போவது தாள்தான். தாள் தப்பாக இருந்தால் வீடு தப்பாக எழும்பும். அதற்கு அப்புறம் பிரிண்ட் விஷயத்தில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு உதவும்.

அன்றிலிருந்து என் ஒவ்வொரு ஷீட்டிலும், டைட்டில் பிளாக்குக்கு (வேலையின் பெயர், அளவு எல்லாம் எழுதும் கட்டம்) பக்கத்தில் சரியாக 100 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கோடு இருக்கும். இரண்டு முனையிலும் சின்னக் குறுக்குக் கோடு. அதன் மேல் தமிழில், ‘இந்தக் கோடு 100 மி.மீ. இருந்தால் மட்டும் ஸ்கேல் வைத்து அளக்கவும்’ என்று எழுதியிருப்பேன். லேஅவுட்டில், அதாவது ஆட்டோகேடில் தாளை அமைக்கும் பக்கத்தில், தாளின் அளவு நிஜ மில்லிமீட்டரிலேயே இருப்பதால், அங்கே 100 யூனிட் கோடு போட்டு 1:1ல் பிளாட் செய்தால் (பிரிண்ட் எடுத்தால்) தாளிலும் 100தான் வர வேண்டும். அதைப் போட ஒரு நிமிடம்கூட ஆகாது. போன மழைக்கு முன்னால் ஒரு வீட்டு வேலையில் மேஸ்திரி அண்ணன் ஷீட்டை விரித்ததும் அந்தக் கோட்டில்தான் முதலில் ஸ்கேலை வைத்தார். “ஏம்மா, இது தொண்ணூத்தாறுதான் இருக்கு. வேற எடுத்துட்டு வாங்க” என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பக்கத்துக் கடையில் சுருக்காத ‘ஆக்சுவல் சைஸ்’ வைத்து மறுபடி எடுத்துக் கொடுத்தேன்.

ஓரம் வெட்டுப்படுகிறதே என்று பயந்துதான் பலர் ‘ஃபிட்’ போடுகிறார்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது. பார்டரைத் தாளின் விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி வரைந்துவிட வேண்டும். நான் சுற்றிலும் 10 மில்லிமீட்டர், கோப்பில் போட்டு வைக்கும் பக்கம் 20 விடுகிறேன். பிடிஎஃப் எடுக்கும்போது தாள் பட்டியலில் ‘ஃபுல் பிளீட்’ என்று இருக்கும் அளவைத் தேர்ந்தெடுத்தால், ஓர இடைவெளியே இல்லாமல் ஏ3யின் 420க்கு 297 மில்லிமீட்டர் முழுவதும் கிடைக்கும்.

ஏ1, ஏ3 குழப்பம் இன்னொன்று. ஏ1 தாள் 841க்கு 594. ஏ3 அதில் நீளத்திலும் அகலத்திலும் சரியாகப் பாதி. அதனால் ஏ1ல் 1:100 என்று போட்ட டிராயிங்கை ஏ3யில் சுருக்கி எடுத்தால் அது 1:200 ஆகிவிடும். டைட்டில் பிளாக்கில் மட்டும் 1:100 என்று அப்படியே நிற்கும். இப்போது நான் இரண்டையும் எழுதிவிடுகிறேன்: ‘1:100 (ஏ1), 1:200 (ஏ3)’. கூடவே நிஜ நீளங்களைக் குறித்த ஒரு ஸ்கேல் பாரும் வரைகிறேன். எவ்வளவு சுருக்கினாலும் அது டிராயிங்கோடு சேர்ந்தே சுருங்கும், பொய் சொல்லாது.

வியூபோர்ட்டை, அதாவது லேஅவுட்டில் டிராயிங் தெரியும் ஜன்னலை, பூட்டாமல் விடவே கூடாது. உள்ளே கிளிக் ஆகியிருப்பதைக் கவனிக்காமல் மவுஸ் சக்கரத்தைக் கொஞ்சம் உருட்டினால் போதும், 1:100 என்பது வேறு ஏதோ ஓர் எண்ணாக மாறிவிடும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது.

சரி, கோட்டின் தடிமனுக்கு வருவோம். பிரிண்டில் எனக்கு அதிகம் பிடித்த பகுதி இதுதான். திரையில் மஞ்சள், சிவப்பு, பச்சை என்று வரைகிறோம். தாளில் எல்லாம் கறுப்பாக, ஆனால் வெவ்வேறு தடிமனில் வர வேண்டும். பழைய பேனா பிளாட்டர் காலத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பேனா என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்தப் பழக்கம்தான் இன்று சிடிபி கோப்பாக, எந்த நிறம் எப்படிப் பிரிண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் கோப்பாக, நிற்கிறது. அதில் 255 நிறங்களுக்கும் தனித்தனியாகத் தடிமன் சொல்லலாம். பிளானில் வெட்டுப்படும் சுவர் மஞ்சள், 0.5 மி.மீ. தூணும் பீமும் சயான், 0.35. கதவு ஜன்னல் பச்சை, 0.25. அளவுக் கோடு சிவப்பு, 0.18. டைல்ஸ், ஹேட்ச் (பரப்பை நிரப்பும் கோடுகள்) எல்லாம் 8ஆம் எண் சாம்பல், 0.09. இது என் கணக்கு. அப்படி எடுத்த ஷீட்டைக் கையில் பிடித்தால் சுவர் தானாக முன்னால் வந்து நிற்கும். எது கட்டுமானம், எது வெறும் மேசை நாற்காலி என்று படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். எல்லாக் கோடும் ஒரே தடிமனில் இருக்கும் டிராயிங்கைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கும். வரைந்தவர் பட்ட பாடு முழுவதும் அதில் தெரியாமல் போய்விடுகிறது.

ஆனால் இந்த சிடிபி என்பது தனிக் கோப்பு. டிராயிங்கோடு தானாகப் போகாது. ஆரம்பத்தில் ஒரு தடவை டிராயிங் கோப்பை அப்படியே பென்டிரைவில் போட்டு பிளாட்டர் கடைக்குக் கொடுத்துவிட்டேன். அவர்கள் கணினியில் என் சிடிபி இல்லை. சுவரெல்லாம் வெள்ளைத் தாளில் மஞ்சளாகவே வந்து, வெயிலில் நின்று பார்த்தால் சுவரே இல்லாத வீடு மாதிரி இருந்தது. அன்றோடு டிராயிங் கோப்பைக் கடைக்குக் கொடுப்பதை விட்டுவிட்டேன். எப்போதும் பிடிஎஃப்தான். கணினி மாற்றும்போது ‘ஸ்டைல்ஸ்மேனேஜர்’ என்று அடித்தால் சிடிபி இருக்கும் ஃபோல்டர் திறக்கும். அங்கிருந்து என் கோப்பை முதல் வேலையாக எடுத்து வைத்துக்கொள்வேன்.

எல்லாவற்றையும் கறுப்பாக்கும் மோனோக்ரோம் சிடிபி வைத்தும் சில பொருள்கள் கலராக வருகிறதே என்று அடிக்கடி கேட்பார்கள். இணையத்திலிருந்து இறக்கும் சோபா, கார், மரம் போன்ற பிளாக்குகளில்தான் (தயாராக வரைந்து வைத்த படங்கள்) இது பெரும்பாலும் நடக்கும். அவற்றுக்கு 255 எண்ணில் ஒன்றைக் கொடுக்காமல் ‘ட்ரூ கலர்’ கொடுத்திருப்பார்கள். சிடிபி அதைத் தொடாது. பிளாக்கைத் திறந்து நிறத்தை மாற்றிவிட வேண்டும்.

அதைவிட மோசமானது டெஃப்பாயின்ட்ஸ் லேயர் (லேயர் என்பது கோடுகளைப் பிரித்து வைக்கும் அடுக்கு). அளவுக் கோடு போட்டதுமே இந்த லேயர் தானாக உருவாகிவிடும். அதில் இருப்பது திரையில் தெரியும், பிரிண்டில் வராது. அதன் இயல்பே அப்படித்தான். ஒருமுறை ஃபுட்டிங் (அஸ்திவார) டிராயிங்கில், தூண்களின் இடத்தைக் குறிக்கும் கிரிட் கோடுகள் முழுவதும் தெரியாமல் இந்த லேயருக்குப் போய்விட்டன. திரையில் பார்த்துப் பார்த்துத் திருத்தி, திருப்தியாக அனுப்பினேன். தாளில் தூண்கள் மட்டும் அந்தரத்தில் நின்றன. நல்லவேளை, குழி தோண்டும் முன்பே இன்ஜினியர் பார்த்துவிட்டார். இப்போது ப்ரிவ்யூ பார்க்காமல் பிளாட் கொடுப்பதே இல்லை. பிடிஎஃப் வந்த பிறகும் அதைத் தனியாகத் திறந்து ஒரு தடவை மூலைக்கு மூலை பார்ப்பேன்.

தமிழ் எழுத்து விஷயம் நமக்கே உரிய தலைவலி. ஆட்டோகேடின் சொந்த எழுத்துருக்களான எஸ்ஹெச்எக்ஸில் தமிழ் கிடையாது. லதா, நிர்மலா மாதிரி யூனிகோட் எழுத்துரு வைத்துத்தான் எழுத வேண்டும். பழைய டிராயிங்குகளில் பாமினி போன்ற, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் அடித்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ‘சமையலறை’ இருந்த இடத்தில் புரியாத ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். பிடிஎஃப் தேர்வுகளில் எழுத்துருவைக் கோப்போடு சேர்க்கச் சொல்லும் கட்டம் ஒன்று உண்டு. அதை டிக் செய்யாமல் தமிழ் டிராயிங்கை அனுப்பக் கூடாது. எழுத்துகளைக் கோடுகளாகவே மாற்றிவிடும் தேர்வும் உண்டு. ஆனால் அப்புறம் பிடிஎஃபில் வார்த்தையைத் தேட முடியாது. மேஸ்திரிக்குப் போகும் ஷீட்டில் அறைப் பெயரும் குறிப்பும் தமிழில் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். படிப்பவர் அவர்தானே.

சொந்தமாக வீட்டில் சின்ன வேலைகள் செய்யும்போது லிப்ரேகேட் என்ற வேறொரு வரைபட மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். இலவசம். டிஎக்ஸ்எஃப் என்ற வகை டிராயிங் கோப்பில் வேலை செய்யும். பிரிண்ட் ப்ரிவ்யூவிலேயே அளவைத் தேர்ந்தெடுத்து, தாளின் நடுவில் வைத்து, கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, பிடிஎஃப் எடுத்துவிடலாம். ஆட்டோகேடில் இருப்பது மாதிரி லேஅவுட்டும் வியூபோர்ட்டும் அதில் இல்லை. ஒரே ஷீட்டில் பிளான் 1:100லும் படிக்கட்டு விவரம் 1:20லும் வேண்டுமென்றால் சிரமம். ஒரு மாடி வீட்டு பிளான், கேட் டிசைன் என்றால் தாராளமாகப் போதும்.

பல ஷீட் இருக்கும் வேலைக்குப் பப்ளிஷ் கட்டளைதான். பத்து லேஅவுட்டையும் வரிசைப்படி ஒரே பிடிஎஃபாகக் கொடுத்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாகத்தான் அனுப்புவேன். படமாக அனுப்பினால் அளவு எண்கள் மங்கி, 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியாது.

கடைசியாக நான் சேர்த்துக்கொண்டது தேதி. டைட்டில் பிளாக்கில் ஃபீல்டு (தானாக மாறும் எழுத்து) மூலமாகப் ‘பிளாட் டேட்’ வைத்திருக்கிறேன். எப்போது பிரிண்ட் எடுத்தாலும் அன்றைய தேதி தானாக விழும். சைட்டில் மேஸ்திரியின் பையில் நாலாக மடித்த பழைய ஷீட்டும் இருக்கும், புதியதும் இருக்கும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான். கழிவறை வாசல் மட்டும் பக்கம் மாறியிருக்கும். புது ஷீட் கொண்டுபோகிற அன்று தேதியைக் காட்டிச் சொல்லிவிட்டு, பழைய ஷீட்டைக் கையோடு வாங்கி வந்துவிடுகிறேன்.