பாளையங்கோட்டையில் செவித்திறன் மாணவர்களுக்கான மாதிரிச் செய்முறைத் தேர்வு: ஒரு மதிப்பீடு

பாளையங்கோட்டையில் இயங்கும் ஒரு தனியார் செவித்திறன் மையம், செவித்திறன் மற்றும் பேச்சு-மொழி நோயியல் பட்டப்படிப்பின் இறுதிக் கட்டத்தில் இருக்கும் மாணவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மாதிரிச் செய்முறைத் தேர்வு நடத்தித் தருகிறது. என்னிடம் பயிற்சி பெறும் மாணவர்களை அங்கே அனுப்பி, மையத்தின் அனுமதியுடன் நானும் நாள் முழுவதும் உடனிருந்து பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். கட்டணத்துக்கு ஏற்ற பயன் உண்டா என்று கேட்கும் சக பயிற்றுநர்களுக்கு, தயக்கமில்லாமல் உண்டு என்பேன். ஆனால் மதிப்பெண் தாளை மாற்றியமைக்காத வரையில் இந்தத் தேர்வு, தான் வெளிக்கொண்டுவரும் திறமைக்குத் தானே மதிப்பெண் தராமல் போகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்படிப்பில் மாணவர்கள் எத்தனை மணி நேரம் மருத்துவப் பயிற்சி பெற்றார்கள் என்பதைப் பதிவேடு காட்டிவிடும். அந்த நேரத்தில் கை எவ்வளவு பழகியது என்பதை அது காட்டாது. வழக்கமான செய்முறைத் தேர்விலோ, ஒருவரைப் பரிசோதித்து ஆடியோகிராம் (எந்த ஒலி எந்த அளவில் கேட்கத் தொடங்குகிறது என்று காட்டும் வரைபடம்) வரைந்து கொண்டுவரச் சொல்கிறார்கள், பிறகு வாய்மொழியாகக் கேள்வி கேட்கிறார்கள். தாளில் வலது காதுக்கான சிவப்பு வட்டமும் இடது காதுக்கான நீலப் பெருக்கல் குறியும் சரியான இடத்தில் இருந்தால் மாணவர் தேறிவிடுகிறார். அந்தக் குறிகள் எவ்வழியில் கிடைத்தன என்று எவரும் பார்ப்பதில்லை. மருத்துவக் கல்வியில் இக்குறையைக் களைவதற்காக ஸ்காட்லாந்தின் டண்டீயில் ஹார்டன் என்பவரும் அவருடைய குழுவினரும் 1975-இல் முன்வைத்த முறையில், மாணவர்கள் ஒவ்வொரு நிலையமாகச் சுற்றிவர, ஒவ்வொன்றிலும் ஒரு தேர்வாளர் அவர்களின் செயலை நேரில் கண்டு மதிப்பிடுவார். பாளையங்கோட்டை மையம் பின்பற்றுவது அந்த முறையைத்தான்.

நிலையங்களில் மிகச் சிறந்தது, ஒவ்வோர் அலைவரிசை ஒலியையும் தனித்தனியே கொடுத்துக் கேட்பை அளக்கும் தூய ஒலிப் பரிசோதனைக்கானது. அங்கே அமர்ந்திருந்தவர் நாங்குநேரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்த ஓர் ஆச்சி. இன்று அரிதாகிவிட்ட பாம்படமும் வடிந்த காதும் அவருக்கு இருந்தன. ஹெட்போனை வைப்பதற்கு முன் பாம்படத்தைக் கழற்றித் தரும்படி கேட்க வேண்டும் என்று பாடத்தில் படித்திருந்தும், வயதில் மூத்தவரிடம் அதைக் கேட்கத் தயங்கி, அதன் மேலேயே ஹெட்போனை அழுத்தி வைத்த மாணவரைக் கண்டேன். கேட்டு வாங்கி, ஆச்சியின் கைப்பையில் அவர் கண்ணெதிரிலேயே போட்டு, பிறகு காதுமடலை விரலால் மெல்ல அழுத்தி உள்ளே குழாய் சுருங்குகிறதா என்று பார்த்த மாணவியையும் கண்டேன். முதியவர்களின் காதுக்குழாய் ஹெட்போனின் அழுத்தத்தால் மூடிக்கொள்ளக்கூடும். அப்போது இல்லாத கேட்புக் குறை ஒன்று, குறிப்பாக உயர் அலைவரிசைகளில், ஆடியோகிராமில் வந்து உட்கார்ந்துவிடும். அம்மாணவி செய்த இந்தச் சோதனைக்குப் பத்து நொடிகூட ஆகவில்லை. தேர்வாளர் அதைக் கவனித்துக் குறித்துக்கொண்டதைப் பார்த்தபோதுதான் இந்த மையத்தின் மீது எனக்கு நம்பிக்கை பிறந்தது.

விளக்கம் சொல்லும் விதத்தையும் இந்நிலையத்தில் மதிப்பிடுகிறார்கள். “ஒலி கேட்கும்போது பொத்தானை அழுத்தவும்” என்று அச்சிட்ட தாளைப் படிப்பதுபோல் ஒரு மாணவர் சொன்னார். ஆச்சி தலையசைத்துவிட்டு, சத்தம் தெளிவாகக் கேட்கும் வரை காத்திருந்தே அழுத்தினார். பின்னர் தேர்வாளர் விசாரித்தபோது, “நல்லாக் கேட்ட பொறவுதானய்யா அமுக்கணும்?” என்றார். அடுத்து வந்த மாணவி, “ஆச்சி, சத்தம் சன்னமா, கேக்குதோ கேக்கலியோன்னு இருந்தாக்கூட அமுக்கிருங்க” என்று சொல்லித் தொடங்கினார். ஒரே காது, ஒரே கருவி. 1000 ஹெர்ட்ஸில் தொடங்கி, பதில் வந்தால் 10 டெசிபெல் குறைத்து, வராவிட்டால் 5 டெசிபெல் கூட்டிச் செல்லும் அதே முறை. இருந்தும் இருவரின் முடிவுகளும் 10 முதல் 15 டெசிபெல் வரை வேறுபட்டன. பேச்சு அலைவரிசைகளில் இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபெல் வரை இழப்புள்ளவரை ஒரு வகையிலும், 70 டெசிபெல் இழப்புள்ளவரை வேறொரு வகையிலும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வைக்கிறது என்பதை நினைத்தால், ஒரு வாக்கியத்தைச் சரியாகச் சொல்லாததன் விளைவு எங்கே போய் முடியும் என்பது விளங்கும்.

ஒரு காதைச் சோதிக்கும்போது மறு காது குறுக்கிடாதபடி அதற்கு இரைச்சல் கொடுப்பதே மாஸ்கிங். அந்த நிலையத்தின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. காது நன்றாகக் கேட்கும் ஒருவரைக் கேளாதவராக நடிக்கச் சொன்னால், ஒவ்வொரு ஒலிக்கும் ஒரே சீராகப் பதில் தர அவரால் முடியாது. எனவே தன்னார்வலர் ஒருவரின் இடது காதில் நுரையடைப்பானைச் செருகிவிடுகிறார்கள். ஹெட்போன் ஒலி காதுக்குழாய் வழியே சென்று கேட்கும் காற்றுவழிக் கேட்பு ஏறத்தாழ 30 டெசிபெல் குறைந்துவிட, மண்டையோட்டு அதிர்வு வழியே கேட்கும் எலும்புவழிக் கேட்பு நன்றாகவே இருக்கிறது. இரு காதுகளுக்கும் உள்ள வேறுபாடு 40 டெசிபெல்லை எட்டாததால் காற்றுவழிக்கு மாஸ்கிங் தேவையில்லை; ஆனால் எலும்புவழி அதிர்வு மண்டையோட்டின் வழியே இரு உட்காதுகளுக்கும் ஏறக்குறைய சமமாகப் போய்ச் சேர்வதால் அங்கே வலது காதுக்கு இரைச்சல் கொடுத்தே ஆக வேண்டும். எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்ற இரண்டையும் ஒரே நபரிடம் சோதித்துவிடும் இந்த ஏற்பாட்டைச் செய்தவர் துறையை நன்கு அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும். இரைச்சலைப் படிப்படியாகக் கூட்டியும் கேட்பு நிலை (கேட்கக்கூடிய மிகச் சன்னமான ஒலியின் அளவு) அசையாமல் நிற்கும் பகுதியைக் கண்டுபிடிக்காமல், மனப்பாடம் செய்த ஓர் அளவை மட்டும் கொடுத்து முடித்துக்கொண்ட மாணவர்கள் இங்கேதான் அகப்பட்டார்கள். என் மாணவர்களும் அவர்களில் உண்டு.

காதுகேள் கருவியைப் பொருத்துவதற்காகக் காதின் வடிவத்தை அச்செடுக்கும் நிலையமும் அக்கருவி பற்றி ஆலோசனை சொல்லும் நிலையமும் குறைசொல்ல முடியாதவை. அச்சுப் பசையை உட்செலுத்துவதற்கு முன், நூல் கட்டிய அடைப்பானைக் காதுக்குழாயின் இரண்டாம் வளைவு தாண்டி வைத்து, அதைக் காதுக்குள் பார்க்க உதவும் ஓட்டோஸ்கோப்பால் உறுதி செய்யாதவரை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அதுவே முறை.

மதிப்பெண் தாளில்தான் குறை இருக்கிறது. கை கழுவியதற்கு ஒரு மதிப்பெண், பெயர் கேட்டதற்கு ஒரு மதிப்பெண், மாஸ்கிங் சரியாகச் செய்ததற்கும் ஒரு மதிப்பெண் என்று எல்லாம் சமமாக எண்ணப்படுகின்றன. பணிவாகப் பேசி, அடிப்படையில் தவறான ஆடியோகிராமைத் தருகிற மாணவர் இந்தக் கணக்கில் தேறிவிடுவார். மேலும், பரிசோதனை அறையில் ஏசியின் உறுமல் கேட்டுக்கொண்டேயிருந்தது. அது 250, 500 ஹெர்ட்ஸ் முடிவுகளைக் கெடுக்கும் என்று உணர்ந்து, அதை அணைத்துவிட்டுத் தொடரலாமா என்று கேட்ட ஒரே மாணவருக்கு அதற்காக எதுவும் கிடைக்கவில்லை, தாளில் அதற்கான வரி இல்லை என்பதுதான் காரணம். அன்று நான் கண்ட செயல்களில் ஒரு செவித்திறனாளருக்கு மிகவும் பொருத்தமான செயல் அதுவே. பட்டியலோடு, தேர்வாளர் முழுச் செயலையும் பார்த்துத் தரும் ஒட்டுமொத்த மதிப்பீடு ஒன்றையும், செய்தால் தோல்வி என்று கொள்ளத்தக்க சில பிழைகளையும் சேர்க்கும்படி மையத்தாரிடம் கேட்டிருக்கிறேன், பரிசீலிப்பதாகச் சொன்னார்கள்.

குழந்தைகளுக்கான நிலையம் அறவே இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே காதுகேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி கண்ட ஊர் இது. இங்கே நடக்கும் தேர்வில், விளையாட்டுப் பொருளைக் கூடையில் போடவைத்து ஒரு சிறுவனின் கேட்பு நிலையை அறியத் தெரிகிறதா என்று ஒருவரும் சோதிக்காதது எனக்கு வருத்தமாக இருந்தது. முதியவர்களை அடுத்தடுத்துப் பல மாணவர்கள் பரிசோதிப்பதால் அவர்கள் களைத்துப்போகிறார்கள் என்பதையும் மையத்தார் கவனிக்க வேண்டும். நடுவில் காபி கொடுத்து இளைப்பாறவிட்டாலும், பிற்பகலில் ஆச்சியின் பதில்கள் தாமதமாகவே வந்தன, கடைசியாக வந்த மாணவர்களுக்கு அது நியாயமில்லை.

தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு மாணவருடனும் தேர்வாளர் தனியே அமர்ந்து, எந்த இடத்தில் கை தவறியது என்று செய்து காட்டி விளக்குகிறார். இதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் தென்காசி, நாகர்கோவில் பக்கமிருந்து வருபவர்கள் மாலைப் பேருந்தைக் கணக்கிட்டு அவசரப்படாமல், இரவு தங்கும் ஏற்பாட்டோடு வருவது நல்லது. காலையில் முதல் சுற்றிலேயே பெயர் கொடுத்துவிடுவது அதைவிட நல்லது.