எதிலும் மனம் ஒட்டாதபோது: தாளில் எழுதும் அட்டவணையா, விஆர் ஹெட்செட்டா?

டிப்ரெஷன் என்றாலே அழுகை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அழுகைகூட வராமல், உயிராக ரசித்த பாட்டு வெறும் சத்தமாகக் கேட்பதும், நெருங்கிய நண்பர் கூப்பிடும்போது போனை எடுக்கத் தோன்றாமல் அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருப்பதும் அதே நோய்தான். மருத்துவத்தில் இதற்கு அன்ஹெடோனியா என்று பெயர். இதற்கு விஆர் (கண்ணில் மாட்டும் ஹெட்செட்டுக்குள் கணினி காட்டும் மெய்நிகர் உலகம்) உதவுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், அதனால் பழைய முறையோடு சேர்த்தே பார்த்துவிடலாம்.

பழைய முறை பிஹேவியரல் ஆக்டிவேஷன். இந்த வாரம் செய்ய வேண்டிய சின்னச் சின்ன வேலைகளைத் தாளில் எழுதி, மனம் வந்தாலும் வராவிட்டாலும் செய்து, எவ்வளவு நன்றாக இருந்தது என்று பக்கத்திலேயே மதிப்பெண் போட வேண்டும். மனம் வரட்டும் என்று காத்திருந்தால் வராது, செய்யச் செய்யப் பின்னால் வரும் என்பதுதான் கணக்கு. இங்கிலாந்தில் 440 பேரிடம் நடத்தி 2016-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், இளநிலைப் பணியாளர்கள் கொடுத்த இந்தச் சிகிச்சை, தேர்ந்த தெரபிஸ்ட்கள் கொடுத்த சிபிடிக்கு (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) சளைக்கவில்லை. டிப்ரெஷனுக்கான விஆர் முறை எதற்கும் இன்னும் இவ்வளவு ஆதாரம் கிடையாது.

ஆனால் எழுந்து பல் தேய்ப்பதே பெரும்பாடாக இருக்கிறவருக்கு, ‘பத்து நிமிடம் நட’ என்ற வரி சாயங்காலம் வரை டிக் அடிக்கப்படாமல் கிடக்கும், அதைப் பார்த்தே இன்னும் சோர்ந்துபோவார். விஆருக்கு இடம் இருப்பது இங்கேதான் என்பது என் கருத்து.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இதே அட்டவணை முறையை ஹெட்செட்டுக்குள் கொண்டுவந்து, வழக்கமான முறையோடு ஒப்பிட்டு 2022-ல் வெளியிட்டார்கள். மொத்தமே 13 பேர், அதை வைத்து எது ஜெயித்தது என்று சொல்ல முடியாது, செய்ய முடிகிறது என்பது மட்டும் தெரிந்தது.

எனக்கு அதைவிட நம்பிக்கை தருவது, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் உளவியலாளர் மிஷெல் கிராஸ்க் குழு செய்துபார்த்த முறை. இனிமையான ஒரு காட்சிக்குள் அழைத்துப்போகிறார்கள், ஹெட்செட்டைக் கழற்றிய பிறகுதான் முக்கிய வேலை: கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடப்பதுபோல, வெளிச்சம் எங்கே விழுகிறது, என்ன கேட்கிறது, உடம்பில் எந்த இடம் லேசானது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ஒரு சந்தோஷம் வந்தால் அதைக் கவனித்துக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருப்பது அன்ஹெடோனியா உள்ளவர்களுக்கு மறந்துபோயிருக்கும், அந்தப் பயிற்சிதான் இது. இதுவும் சிறிய முன்னோட்ட ஆய்வுதான். ஆனால் இதற்கு அடிப்படையான, ஹெட்செட் இல்லாத சிகிச்சையை அதே குழு 96 பேரிடம் சோதித்து 2019-ல் வெளியிட்டது, முடிவும் நன்றாக இருந்தது.

லண்டனில் 15 நோயாளிகளிடம் செய்தது வேறு வகை. விஆருக்குள் அழும் ஒரு குழந்தைக்கு நீங்கள் ஆறுதல் சொல்கிறீர்கள். அப்புறம் அந்தக் குழந்தையின் உடம்புக்குள் உங்களை உட்காரவைக்கிறார்கள், நீங்கள் சொன்ன வார்த்தைகள் உங்கள் குரலிலேயே திரும்ப வருகின்றன. ஒரு மாதம் கழித்து 9 பேர் நோய் குறைந்ததாகச் சொன்னார்கள். ஒப்பிட வேறு குழு இல்லாத ஆய்வு என்றாலும், ஓயாமல் தன்னையே திட்டிக்கொள்கிறவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ரசனை செத்துப்போனவருக்கு, முன்னால் சொன்ன கிராஸ்க் குழுவின் முறை.

சும்மா கடலும் காடும் காட்டும் ஆப்கள் மனதை அமைதிப்படுத்தலாம், அவற்றைச் சிகிச்சைக் கணக்கில் நான் சேர்க்கமாட்டேன். ஹெட்செட் சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் தரும், முதலில் சில நிமிடங்கள் போதும். விஆர் இருக்கிறதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

தாள் அட்டவணை முடிகிறவர் அதிலேயே தொடங்கட்டும். முடியாதவர் சில வாரம் விஆர் எடுக்கலாம், ஆனால் ஹெட்செட்டுக்குள் பார்த்த நடையில் ஐந்து நிமிடத்தையாவது அதே வாரம் வெளியே நடந்துவிட வேண்டும். விஆர் தருவதாகச் சொல்லும் தெரபிஸ்டிடம் முதலில் கேளுங்கள்: ஹெட்செட்டைக் கழற்றிய பிறகு என்ன செய்வோம்?