வன்னியில் ஃபைபர்: கடைசி இருநூறு மீற்றர்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஃபைபர் இன்ரநெற் பூட்டி மூன்று நாலு மாரி கண்ட வீடுகளில் வேகத்தைப் பற்றிய குறை அதிகம் இல்லை. லைன் இருந்தால் நன்றாகவே ஓடும். லைன் போகும் நாட்கள்தான் தலையிடி. அதிலும் பெரும்பாலானவை றோட்டுக் கம்பத்திலிருந்து வளவுக்குள் வரும் வயரில்தான்.

பூட்டும் அன்றைக்கே ஓர் எண்ணைக் கேட்டு, ரவுட்டரின் அடியில் எழுதி ஒட்டிவிடுங்கள்: வீட்டுக்கு வந்துசேரும் ஒளியின் அளவு, டிபிஎம் என்ற அலகில். எண் எவ்வளவு கீழே இறங்குகிறதோ, ஒளி அவ்வளவு குறைவு. எக்ஸ்சேஞ்சில் சுமார் +3இல் புறப்படும் ஒளி, 32 வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்பிளிற்றரில் மட்டும் 17 டிபி (ஒளி இழப்பை அளக்கும் அலகு) அளவு இழக்கும். 10 கிலோமீற்றர் தூரத்துக்கு ஒரு 3, இணைப்புகளுக்கு ஒன்றரை. ஆக, −18, −19 வந்தால் நல்ல லைன். ஜிபொன் எனப்படும் இந்த வகை ஃபைபர் லைனின் ரவுட்டர் −27 வரை தாங்கும்தான். அதற்காக −26ஐ ஏற்றுக்கொள்ளாதீர்கள். 3 டிபி குறைந்தாலே ஒளி பாதியாகிவிடும், அதற்கு ஒரு மாரி போதும்.

முதல் எதிரி அணில். வயரின் கறுப்பு உறைக்குள்ளே அதைத் தாங்கி நிற்கும் தாங்குகம்பி ஒன்று, பக்கத்தில் தலைமயிர் அளவு கண்ணாடி இழை. அணில் உறையைக் கொறித்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பிறகு வாடைக்காற்றில் ஆடி ஆடி, ஒருநாள் இழை முறியும், ரவுட்டரில் சிவப்பு லைற் எரியும். மா, வேம்புக் கிளைகளுக்குள்ளால் வயரை இழுக்க விடாதீர்கள். மட்டை விழும் பனை, தென்னைக்குக் கீழேயும் வேண்டாம். பெரிய வளவென்றால் நடுவில் ஒரு கம்பம் நடும் காசு வீண் போகாது. சுவருக்குள் நுழையுமுன் வயரைக் கீழே தொட்டில்போல் தொங்கவிட வேண்டும், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் அதன்வழியே வீட்டுக்குள் வரும்.

கரண்ட் போனாலும் ஃபைபர் போகாது, இது பலருக்குத் தெரியாது. ஸ்பிளிற்றருக்கு மின்சாரமே தேவையில்லை. எக்ஸ்சேஞ்சில் பற்றறி இருக்கும். ரவுட்டருக்கு 12 வோல்ற் மினி யூபிஎஸ் ஒன்று போட்டால், 30 வாற் மணிப் பற்றறியில் இரண்டரை, மூன்று மணித்தியாலம் ஓடும்.

கண்ணாடியில் மின்னல் ஓடாது. ஆனால் அடப்டர் வழியே வரும், இரும்பென்றால் தாங்குகம்பி வழியேயும் வரும். அந்தக் கம்பியை வெளிக் கொழுக்கியோடு வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள். சித்திரை, ஐப்பசி இடிமழைக்கு அடப்டரைக் கழற்றிவிடுங்கள்.

ரவுட்டரில் செருகும் பச்சைக் கனெக்ரரின் நுனியில் விரல் படக்கூடாது, ஊதவும் கூடாது. செம்மண் புழுதி ஒட்டினாலே அளவு இறங்கும். கண்ணுக்கு நேரே பிடிக்கவும் வேண்டாம், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.

முறிந்த வயரைக் கையால் பொருத்தும் கனெக்ரரால் இணைத்துவிட்டுப் போவார்கள். உருக்கி ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஒட்டில் இழப்பு 0.1 டிபிக்குள் நிற்கும். ஒட்டி முடிந்ததும் ரவுட்டரின் அடியில் உள்ள எண்ணோடு பாருங்கள். 1 டிபிக்கு மேல் குறைந்திருந்தால், ஆள் ஏணியை மடக்குவதற்கு முன்பே திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.