முதல் பக்கத்து எண்ணை நம்பி வாங்கிய கடன்

வாடகைக்கு விட்ட வணிகக் கட்டடத்தின் மேல் கடன் வாங்கப் போகிறவர்கள், பங்கு பிரிக்கப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எனக்கு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் யார் பெயரையும் சொல்லவில்லை.

அப்பா கட்டிய நான்கு மாடிக் கட்டடம். தரைத்தளத்தில் கடைகள், அதற்கு மேல் இரண்டு மாடிகளில் ஒரே நிறுவனம், கடைசி மாடியில் சிறு அலுவலகங்கள். மொத்த வாடகையில் அறுபது சதவீதம் அந்த ஒரு நிறுவனத்திடமிருந்துதான். அப்பாவுக்குப் பிறகு அக்கா, நான், தம்பி மூவருக்கும் சமபங்கு. அக்கா தன் பங்கைப் பணமாகக் கேட்டார். நியாயமான கேள்விதான். லிஃப்டும் மேல்தளமும் பழுதாகிக் கிடந்தன. இரண்டுக்கும் சேர்த்துக் கட்டடத்தின் மேல் கடன் வாங்கலாம் என்று நானும் தம்பியும் முடிவு செய்தோம்.

கடன் ஏற்பாடு செய்து தரும் ஆலோசகர் ஒருவர் வந்தார். கிடைக்கும் கடன் தொகையில் இவ்வளவு சதவீதம் அவருக்கு. கடன் நிறுவனத்தின் பட்டியலில் இருக்கும் மதிப்பீட்டாளரையும் அவரே கூட்டி வந்தார். முதல் சந்திப்பிலேயே அந்த மதிப்பீட்டாளர் என்னிடம், "உங்களுக்கு எவ்வளவு தேவைப்படுது சார்?" என்று கேட்டார். அக்கறையாகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இன்று யார் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாலும் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுவேன். தேவையைக் கேட்டுவிட்டு மதிப்பை எழுதுகிறவர் மதிப்பீடு செய்யவில்லை, தைத்துக் கொடுக்கிறார்.

கட்டடத்தில் அவர் இருந்தது இருபது நிமிடம் இருக்கும். முகப்பைப் படம் எடுத்தார், மாடிப்படியில் ஒரு தடவை ஏறி இறங்கினார். லீஸ் ஒப்பந்தங்களைக் கேட்கவே இல்லை. வாடகைப் பட்டியல் ஒன்று மட்டும் போதும் என்றார், அதையும் ஆலோசகரே தட்டச்சு செய்து கொடுத்தார். இரண்டு மாடி எடுத்திருக்கும் நிறுவனத்துக்கு முதல் ஒன்பது மாதம் வாடகை இல்லை என்று தனிக் கடிதம் கொடுத்திருந்தோம். ஒப்பந்தம் போட்டு நான்கு மாதம்தான் ஆகியிருந்தது, அவர்கள் இன்னும் ஒரு பைசா கட்டவில்லை. அதை ஆலோசகரிடம் நானே வாய்விட்டுச் சொன்னேன். "அது ஒரு விஷயமே இல்லண்ணே, ஒப்பந்தத்துல இருக்கிற வாடகைதான் கணக்கு" என்றார். சரி, தெரிந்தவர் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

அறிக்கை வந்தது. கெட்டியான அட்டை, முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு தொகை. நாங்கள் எதிர்பார்த்ததைவிட நிறைய. அந்தத் தொகையை வைத்து அக்காவுக்கு மூன்றில் ஒரு பங்கு கணக்குப் போட்டுக் கொடுத்தோம். மதிப்பில் அறுபது சதவீதம் கடன் கிடைத்தது. கடன் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது: ஆண்டுதோறும் மறுமதிப்பீடு நடக்கும், கடன் எந்த நேரத்திலும் மதிப்பில் 65 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. படித்தேன். அறுபதில்தானே இருக்கிறோம், ஐந்து சதவீதம் இடம் இருக்கிறதே என்று கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த ஆண்டு மறுமதிப்பீட்டுக்கு வேறு ஒருவரை அனுப்பினார்கள். வயதானவர், அதிகம் பேசாதவர். சட்டைப்பையிலிருந்து லேசர் அளவுக் கருவியை எடுத்து ஒரு சுவரில் ஒட்டி வைத்தார், எதிர்ச் சுவரில் சிவப்புப் புள்ளி விழுந்தது, அளவைக் குறித்துக்கொண்டார். இப்படி ஒவ்வொரு அறையாக. தரைத்தளக் கடை ஒன்றுக்குள் பின்பக்கம் ஏணிப்படி ஏறிப் போனால் இடைத்தளம் ஒன்று இருக்கும், அப்பா பிற்காலத்தில் போட்டது. அங்கே குனிந்து நின்றபடி கையிலிருந்த வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது அனுமதி வரைபடத்துல இல்லையே சார்" என்றார். எனக்கே அன்றுதான் தெரியும். பிறகு கீழே வந்து உட்கார்ந்து, "ஒப்பந்தம் எல்லாம் முழுசா வேணும். கூடவே கொடுத்த கடிதங்கள், திருத்தங்கள், எதையும் விடாம" என்றார். முதல் ஆள் ஒருமுறைகூடக் கேட்காத கேள்வி அது.

அந்த ஒன்பது மாதக் கடிதத்தை அவர் படித்தார். ஒப்பந்தத்தின் பின்பகுதியில் இருந்த இன்னொரு ஷரத்தையும் எனக்கு விரல் வைத்துக் காட்டினார்: மூன்றாம் ஆண்டு முடிவில் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வாடகைதாரர் காலி செய்யலாம். நான் இதை ஐந்து வருஷ லீஸ் என்றே நினைத்திருந்தேன். உண்மையில் உறுதியானது மூன்று வருஷம், அதிலும் ஒன்பது மாதம் வாடகை இல்லை.

இது எப்படி மதிப்பை ஆட்டியது என்பதைக் கணக்கோடு சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்று வேலை நடப்பதே இந்தக் கணக்கில்தான். வாடகை வரும் கட்டடத்தைப் பெரும்பாலும் வருமான முறையில் மதிப்பிடுவார்கள். ஆண்டு நிகர வருமானத்தை ஒரு விகிதத்தால் வகுத்தால் மதிப்பு வரும். அந்த விகிதத்தைத்தான் கேப் ரேட் என்கிறார்கள். வருமானம் எந்த அளவுக்கு உறுதியோ அந்த அளவுக்கு விகிதம் குறையும், மதிப்பு ஏறும்.

முதல் அறிக்கையில் எங்கள் வருமானம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் 7 சதவீதம். மதிப்பு ஏறக்குறைய 1,428. இரண்டாமவர் அந்த நூறைப் பிரித்துப் பார்த்தார். பெரிய வாடகைதாரர் பங்கு 60. அறுபது மாதத்தில் ஒன்பது மாதம் இலவசம் என்றால், இந்த இடத்துக்குச் சந்தை தரும் உண்மை வாடகை எழுதியதில் 85 சதவீதம்தான், நாளைக்கு வேறு ஆளுக்கு விட்டாலும் அதுதான் என்றார். அதில் 9 போனது. கட்டடக் காப்பீடு, சொத்து வரி, லிஃப்ட் பராமரிப்பு, பொது மின்சாரம் எல்லாம் நாங்கள் கட்டுவது. முதல் அறிக்கை அதைக் கழிக்கவே இல்லை, அதில் 8. அனுமதி இல்லாத இடைத்தளத்துக்கு வரும் வாடகை 3. மிஞ்சியது 80. முக்கிய வாடகைதாரர் இடையிலேயே போகலாம் என்பதால் விகிதம் 8 சதவீதம். 80-ஐ 8 சதவீதத்தால் வகுத்தால் 1,000.

1,428 எங்கே, 1,000 எங்கே. சந்தை விழவில்லை. கட்டடத்தில் ஒரு செங்கல் உதிரவில்லை. வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் விகிதத்தில் ஒரே ஒரு புள்ளியும் மாறின, அவ்வளவுதான். ஆனால் நாங்கள் வாங்கிய கடன் 857. ஆயிரத்துக்கு அது 85.7 சதவீதம். வரம்பு 65. மிச்சத்தைக் குறித்த நாளுக்குள் கட்டு, இல்லையென்றால் வேறு சொத்தை ஈடாகக் காட்டு என்று நோட்டீஸ் வந்தது. ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியிருந்தோம். அது ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளப்படவில்லை. தம்பியின் வீட்டுப் பத்திரம் இன்று கடன் நிறுவனத்திடம் இருக்கிறது.

அன்று இரவுதான் முதல் அறிக்கையை முழுதாகப் படித்தேன். 41-ஆம் பக்கத்தில் சின்ன எழுத்தில் எல்லாம் இருந்தது. வாடகை விவரம் உரிமையாளர் தந்தது, சரிபார்க்கப்படவில்லை. குத்தகை ஒப்பந்தங்கள் பார்வையிடப்படவில்லை. கட்டடம் முழுவதும் உரிய அனுமதி பெற்றது என்று கொள்ளப்படுகிறது. பரப்பளவு வரைபடத்திலிருந்து எடுக்கப்பட்டது. முதல் பக்கத்தில் கொடுத்ததையெல்லாம் 41-ஆம் பக்கத்தில் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த பக்கத்தில், எந்த நிலையிலும் மதிப்பீட்டாளரின் பொறுப்பு அவர் வாங்கிய கட்டணத்துக்கு மேல் போகாது என்று ஒரு வரி.

வக்கீலம்மாவிடம் போனேன். அவர் சொன்னவை இதைப் படிக்கிற எல்லாருக்கும் தேவைப்படும். இரண்டு அறிக்கைகளுக்கு நடுவே வித்தியாசம் இருப்பது மட்டுமே அலட்சியத்துக்கு ஆதாரம் ஆகாது. மதிப்பீடு என்பது ஓரளவு அனுபவத்தால் சொல்வது, அதற்கு நீதிமன்றங்கள் இடம் கொடுக்கும். இங்கிலாந்து நீதிமன்றங்கள் சொத்தின் தன்மையைப் பொறுத்து 5 முதல் 15 சதவீதம் வரை ஏற்றத்தாழ்வை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. எங்கள் வித்தியாசம் நாற்பதுக்கு மேல், அதனால் வழக்குக்கு உயிர் இருக்கிறது என்றார். ஆனால் அடுத்த நிமிடமே அந்தப் பொறுப்பு வரம்பு வரியைக் காட்டினார். தவறான தகவலை நம்பி நஷ்டப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம் என்று அந்தக் காலத்தில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1963-இல் தீர்ப்புச் சொன்ன பிரபலமான வழக்கிலேயே, "எங்கள் பொறுப்பில்லை" என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்த வங்கி தப்பித்துவிட்டதாம். 1996-இல் அதே சபை, தவறான மதிப்பீட்டால் வந்த நஷ்டத்துக்குத்தான் மதிப்பீட்டாளர் பொறுப்பு, சந்தை விழுந்ததால் வந்த நஷ்டத்தை அவர் தலையில் கட்ட முடியாது என்று சொல்லியிருக்கிறது. "கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி எங்கிட்ட வந்திருந்தா அரைமணி நேர வேலைப்பா" என்றார் வக்கீலம்மா. அந்த வார்த்தை இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

இதில் எனக்குக் கோபம் வருவது எதற்கென்றால், விதிகள் இல்லாமல் இது நடக்கவில்லை. உலக அளவில் மதிப்பீட்டுத் தரநிலைகள் இருக்கின்றன, புதிய பதிப்பு 2025 ஜனவரி 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த நோக்கத்துக்கு மதிப்பீடு, எந்தத் தேதிக்கு, எந்த அடிப்படையில், என்னென்ன அனுமானங்களோடு என்பதை எழுத்தில் முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அவை சொல்கின்றன. எங்களுக்கு அப்படி ஒரு தாள் வரவே இல்லை. கடனுக்கு என்று எழுதிய ஒரே அறிக்கையைப் பங்கு பிரிக்கவும் நாங்கள் பயன்படுத்தினோம், அதை யாரும் தடுக்கவும் இல்லை. அமெரிக்காவில் 1980-களில் சேமிப்பு–கடன் நிறுவனங்கள் வரிசையாக விழுந்தபோது, ஊதிப் பெருக்கிய மதிப்பீடுகளும் அதற்கு ஒரு காரணம் என்று கண்டு, 1989-இல் மதிப்பீட்டாளர்களுக்கு உரிமமும் தரநிலையும் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டார்கள். முன்கூட்டியே முடிவு செய்த தொகையைக் காட்டினால்தான் கட்டணம் என்று பேசிக்கொள்வது அங்கே தொழில் நெறிமுறைக்கே விரோதம். என் விஷயத்தில் மதிப்பீட்டாளருக்குக் கட்டணம் நான்தான் கொடுத்தேன், அதுவும் நிலையான தொகை. ஆனால் அவருக்கு அடுத்தடுத்து வேலை பிடித்துக் கொடுப்பவர் அந்த ஆலோசகர். ஆலோசகருக்குக் கடன் பெருக்கப் பெருக்க வருமானம். கடன் நிறுவனத்தின் பட்டியலில் பெயர் இருந்ததால் அவரைக் கடன் நிறுவனம் தேர்ந்தெடுத்ததாக நான் நினைத்தேன். தேர்ந்தெடுத்தது ஆலோசகர்.

இப்போது எந்தக் கட்டட உரிமையாளர் கேட்டாலும் நான் சொல்வது இதுதான். மதிப்பீட்டாளரை நீங்களே நேரடியாக அமர்த்துங்கள், கடன் ஏற்பாடு செய்பவர் மூலமாக வேண்டாம். லீஸ், திருத்தங்கள், வாய்மொழிச் சலுகைகள் வரை எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். வாடகைப் பட்டியலைவிட வங்கிக் கணக்கில் உண்மையில் வந்த தொகை பேசும். முக்கிய வாடகைதாரரிடம் வாடகை எவ்வளவு, சலுகை என்ன, எப்போது காலி செய்யலாம், நம்மிடம் பாக்கி ஏதும் உண்டா என்று ஒரு உறுதிக் கடிதம் வாங்கி அறிக்கையோடு சேர்க்கச் சொல்லுங்கள். அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தை நீங்களே ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பழைய கட்டடங்களில், அதுவும் பெற்றோர் காலத்தில் கட்டியவற்றில், வில்லங்கம் பத்திரத்தில் இருப்பதைவிட இப்படிப் பின்கட்டில் இருப்பது அதிகம்.

கடன் ஒப்பந்தத்தில் மறுமதிப்பீட்டு ஷரத்தைப் பேசாமல் விடாதீர்கள். மதிப்பீட்டாளரை யார் நியமிப்பது, முடிவு தவறு என்று பட்டால் இரண்டாவது கருத்துக் கேட்க நமக்கு உரிமை உண்டா, வரம்பு மீறினால் சரிசெய்ய எத்தனை நாள், இந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். எங்களுடையதில் ஒன்றுகூட இல்லை. இன்னொன்று, இப்படி ஊதிய அறிக்கை கையில் இருந்தால் நாளைக்குச் சொத்து வரி அதிகம் என்று மேல்முறையீடு செய்யும்போது அதே தாளை எதிராளி எடுத்து வைப்பார். மேல்முறையீட்டுக்குக் காலக்கெடுவும் இருக்கும், அதைத் தவறவிட்டால் எவ்வளவு நியாயம் இருந்தும் பயனில்லை.

அக்காவைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். உண்மை மதிப்பில் அவர் பங்கு 333. கொடுத்தது 476. கணக்கு தெரிந்த பிறகு அக்காவே கூப்பிட்டு, "கூட வந்ததைத் திருப்பித் தரட்டுமாடா?" என்று கேட்டார். அவர் அதைத் தன் மகள் படிப்புக்கும் வீட்டுக்கும் போட்டுவிட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தம்பிக்கு அதில் வருத்தம் உண்டு. சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரிகிறது. கூடப் பிறந்தவர்களுக்கு நடுவே ஒரு தவறான எண் உட்கார்ந்திருப்பதை எந்த நீதிமன்றமும் எடுத்துவிடாது.

மதிப்பீட்டாளர் மீது அவருடைய தொழில் அமைப்பில் புகார் கொடுத்திருக்கிறேன். விசாரணைக்கு எடுத்துக்கொண்டதாகப் பதில் வந்திருக்கிறது. இதற்கிடையில் போன வாரம் எங்களுக்கு அடுத்த கட்டடத்துக்காரர், கடன் வாங்கப் போவதாகச் சொல்லி ஒரு மதிப்பீட்டு அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினார். அதே கெட்டி அட்டை, அதே ஆலோசகர். முதல் பக்கத்தைத் தாண்டி அவர் பார்த்திருக்கவில்லை. அவரை உட்கார வைத்துக் கடைசிப் பக்கங்களைத் திருப்பினேன். எங்கள் 41-ஆம் பக்கத்தில் இருந்த அதே வரிகள், எழுத்து மாறாமல் அவருடையதில் 38-ஆம் பக்கத்தில் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் போட வேண்டிய கையெழுத்தை அவர் இன்னும் போடவில்லை.