ஆலை போன ஊரா, ஆலை நிற்கும் ஊரா?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகருக்கு அருகே மொனாங்கஹேலா ஆற்றின் ஒரு கரையில் ஹோம்ஸ்டெட், சற்று மேலே எதிர்க்கரையில் பிராடக். இரண்டுமே எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகியின் ஆலைகளால் வளர்ந்த ஊர்கள். 1920இல் ஊருக்கு இருபதாயிரம் பேர் இருந்தார்கள்.

1892 வேலைநிறுத்தத்தில் நிறுவனம் வரவழைத்த பிங்கர்டன் என்ற தனியார் காவலர்களோடு தொழிலாளர்கள் மோதியது ஹோம்ஸ்டெட்டில்தான். அங்கிருந்த எஃகு ஆலை 1986இல் மூடப்பட்டது. 1999இல் அதே மண்ணில் கடைகளும் திரையரங்கமும் உணவகங்களும் கொண்ட பெரிய வணிக வளாகம் திறந்தது. பழைய ஆலையின் பன்னிரண்டு புகைபோக்கிகளை இடிக்காமல் வரிசையாக விட்டுவைத்திருக்கிறார்கள். ஆனால் வளாகத்துக்கும் பழைய கடைத்தெருவுக்கும் நடுவில் ரயில் தண்டவாளம். காரில் வருகிறவர் வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பிவிடலாம், ஊருக்குள் கால் வைக்கவே வேண்டாம்.

அப்படியானால் ஆலை மூடாத பிராடக் பிழைத்திருக்க வேண்டுமே? அதுதான் இல்லை. 1875இல் தொடங்கிய எட்கர் தாம்சன் ஆலை இன்றும் எஃகு உருக்குகிறது. ஆனால் இயந்திரம் வந்தபின் அதற்கு அத்தனை ஆள் தேவையில்லை. இருக்கும் ஆட்களும் வெளியூரிலிருந்து காரில் வந்து போகலாம். 2020 கணக்கெடுப்பில் ஊரில் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. மருத்துவமனையும் 2010இல் மூடப்பட்டது. புகை மட்டும் உள்ளூருக்கு.

ஹோம்ஸ்டெட்டிலும் மூவாயிரத்துக்குக் கீழேதான். இருந்தாலும் எனக்குப் பிடித்தது பிராடக்: அமெரிக்காவில் கார்னகியின் பணத்தில் எழுந்த முதல் நூலகம், 1889இல் திறந்தது, அங்கேதான் இருக்கிறது. கரி படிந்து வரும் தொழிலாளி முதலில் குளிக்கட்டும் என்று அதன் அடித்தளத்தில் குளியலறை கட்டியிருந்தார்கள்.